சோற்றை மாற்றுவதா, தொட்டுக்கொள்வதைக் கூட்டுவதா? வேலூர் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிடும். எதை மாற்றுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக்கும் சாமைக்கும் போகச் சொல்வார் மாமா. எண்ணெயையும் சர்க்கரையையும் நிறுத்தச் சொல்வார் பக்கத்து வீட்டு அக்கா. ஓட்ஸ் வாங்கு, சத்து பானம் வாங்கு என்று டிவி சொல்லும். வெளிச்சாப்பாட்டை விட்டாலே பாதி சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். காய், கீரையைக் கூட்டச் சொல்கிறவர்களும் உண்டு. அது சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகிப்போன பேச்சு, அதனால் யார் காதிலும் ஏறுவதில்லை.

இந்த ஐந்து வழியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் அடுத்த மாதம் ஒன்றுகூட மிஞ்சாது. சம்பளமும் நேரமும் அளவாக இருக்கும் குடும்பம் ஒன்றை எடுத்து, அது பழகிய பிறகுதான் அடுத்ததைத் தொட முடியும். முதலில் எதை எடுப்பது என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

ஒரே அடுப்பு, பல உடம்பு

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடையைத் தாண்டியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சத்துக் குறைவும் கூடுதல் எடையும் தனித்தனி வீடுகளில் இல்லை. ஒரே வீட்டில், பல பெண்களிடம் ஒரே உடம்பிலேயே இரண்டும் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளிவந்தபோது, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025ல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது.

சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு பி.பி., அம்மாவுக்கு ரத்தம் குறைவு, பத்தாவது படிக்கும் பையனுக்கு எந்நேரமும் பசி. நாலு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. "குறை, நிறுத்து, விடு" என்ற அறிவுரை தாத்தாவுக்குப் பொருந்தும். அம்மாவுக்கும் பையனுக்கும் அது மட்டும் போதாது, அவர்களுக்குக் கூட்டவும் வேண்டும். நாலு உடம்புக்கும் ஒருசேர உதவும் வழியையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் விடியற்காலையில் சமைத்து, டப்பா கட்டி, ஷூ கம்பெனி வேனைப் பிடிக்கிறார்கள். ஆரோக்கியச் சமையல் என்று சொல்லிக் காலையில் இன்னும் முக்கால் மணி நேர வேலையை அவர்கள் தலையில் ஏற்றும் வழி எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் நிலைக்காது. ஆகவே ஒவ்வொரு வழியிலும் செலவு, நேரம், வீட்டில் எல்லாரும் அதைச் சாப்பிடுவார்களா, வேலை யார் தலையில் விழுகிறது என்ற நான்கையும் பார்த்தேன்.

அரிசியிலிருந்து சிறுதானியத்துக்கு

வடாற்காட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகு புதிதில்லை. கேவுரு களியும் கீரைக் கடைசலும் தின்று வளர்ந்த தலைமுறை இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழை இன்றைக்கும் தூக்குச்சட்டி எடுத்துப் போய் வாங்கிக் குடிக்கிறோம். ஜவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பெரிய கடைகளிலும் இவை தனி வரிசை பிடித்துவிட்டன.

சத்தில் குறை சொல்ல முடியாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் கீழே. பால் குடிக்காத பிள்ளைக்கும் எலும்பு தேயும் வயதிலுள்ள பெண்ணுக்கும் இதைவிட மலிவாகச் சுண்ணாம்புச்சத்து தரும் தானியம் வேறில்லை.

ஆனால் கேழ்வரகு சர்க்கரை நோய்க்கு மருந்து என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 100 கிராம் கேழ்வரகிலும் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் 78 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. நைசாக அரைத்த மாவில் தளரக் காய்ச்சிய கஞ்சி, சோற்றைப் போலவே ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஒரு பிடி சோறு சாப்பிட்ட இடத்தில் இரண்டு உருண்டை களி விழுங்கினால் கணக்கு மோசமாகத்தான் போகும். கடையில் வெள்ளை வெளேரென்று விற்கும் சாமை, வரகு பெரும்பாலும் தவிடு போகத் தீட்டியது. மங்கலான நிறத்தில் இருப்பதையே கேட்டு வாங்க வேண்டும்.

களி கிளறுவதும் லேசான வேலை இல்லை. தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி நொய்யைப் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். அதன்மேல் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கட்டையை விட்டு ஒரு குழி செய்து, தீயைத் தணித்து மூடி வைக்க வேண்டும். குழிக்குள்ளிருந்து தண்ணீர் பொங்கி மாவெல்லாம் நனைந்து, பச்சை வாசனை போன பிறகுதான் கிளறலாம். பாத்திரத்தை இறக்கி இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டையை இரண்டு கையாலும் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மாவு கட்டி கட்டியாக நின்றுவிடும். ஈரக் கையில் உருட்டிச் சூட்டோடு வைத்தால் அதன் ருசியே தனி. ஆனால் வேன் பிடிக்கும் அவசரத்தில் தினமும் இது நடக்காது, மத்தியான டப்பாவில் ஆறிப்போன களியைப் பள்ளிக்கூடப் பிள்ளை தொடாது.

அதனால் சிறுதானியத்தை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். அரிசி ரேஷனில் இலவசமாக வருகிறது, கேழ்வரகைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகை ரேஷனிலேயே தருகிறார்கள். அது வேலூருக்கும் வந்தால் என் பதில் ஓரளவு மாறும். அதுவரைக்கும் முழு மாற்றம் வேண்டாம், வாரத்தில் இரண்டு வேளை போதும். இட்லி மாவு அரைக்கும்போது அரிசியில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துக் கேழ்வரகையோ கம்பையோ ஊறப்போட்டு அரைத்தால், தனி வேலையும் இல்லை, தோசை சுடும்போது பிள்ளைகள் முகம் சுளிப்பதும் இல்லை. ராத்திரிக்கு முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை தட்டலாம்.

டப்பாவில் வருவது

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. "வளரும் பிள்ளைகளுக்கு" என்று விற்கும் சத்து பானங்களில் எடைக்கு எடை சர்க்கரை எவ்வளவு என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதிகமாகச் சேர்த்த பொருளே முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால் அதைக் கீழே வைத்துவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது. இதைச் சுட்டிக்காட்டி, அந்தப் பெயரில் பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணையதளக் கடைகளுக்கு அறிவுறுத்தியது.

வெறும் ஓட்ஸ் நல்ல தானியம். அதிலுள்ள நார்ச்சத்து கொழுப்பைக் குறைக்கும். மசாலா பொடியோடு வரும் ஓட்ஸில் உப்பு கொட்டிக் கிடக்கும். அங்கன்வாடியில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தரும் சத்துமாவை வாங்கிவந்து மாட்டுக்குப் போடும் வீடுகளை நான் அறிவேன். அதை நிறுத்திவிட்டு அந்த மாவைக் கிண்டிக் கொடுத்தாலே டப்பாச் செலவு மிச்சம். வருமானம் அளவான குடும்பத்துக்கு ஐந்து வழிகளில் கடைசியாக வர வேண்டியது டப்பாதான்.

எண்ணெய், சர்க்கரை, உப்பு: மாதக் கணக்கு

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, காசு செலவாகாமல் மிஞ்சும் என்பது. கூடுதலாகச் சமைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் "குறைத்துக்கொள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் யாரும் குறைக்கமாட்டார்கள். தாளிக்கும்போது பாக்கெட்டைச் சாய்க்கும் கைக்கு அளவு தெரியாது. மளிகை லிஸ்டில்தான் பிடிக்க வேண்டும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தாளிப்பு, பொரிப்பு எல்லாம் சேர்த்து 27 கிராம் எண்ணெய் என்கிறது அது. மாதத்துக்கு ஆளுக்கு ஏறக்குறைய 900 மில்லி. நாலு பேர் வீட்டுக்கு மூன்றரை லிட்டர். கொழுப்பும் இதயக் கோளாறும் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் ஆளுக்கு அரை லிட்டர் என்று இன்னும் இறுக்கிச் சொல்வார்கள். உங்கள் வீட்டு லிஸ்டில் ரேஷன் பாமாயிலையும் சேர்த்து ஐந்து, ஆறு லிட்டர் ஓடுகிறதென்றால் எங்கே போகிறது என்று தேட வேண்டியதுதான். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வறுவலிலும் சாயங்கால வடை, பஜ்ஜியிலும் போயிருக்கும்.

உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். அயோடின் உப்பு ஒரு கிலோ பாக்கெட் மாதத்தைத் தாண்டி ஓட வேண்டும். இதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட்டில் மறைந்திருக்கும் உப்பு சேரவில்லை. பி.பி. உள்ள வீட்டில் ஊறுகாய் பாட்டிலைச் சாப்பிடும் இடத்திலிருந்து எடுத்து மேல் அலமாரியில் வைத்தாலே பெரிய வித்தியாசம் வரும். எழுந்து போய் எடுக்கச் சோம்பல்பட்டே பாதி நாள் அது இல்லாமல் சாப்பாடு முடிந்துவிடும்.

சர்க்கரை ஆளுக்கு நாளைக்கு 20 முதல் 25 கிராமுக்குள் நிற்க வேண்டும். மூன்று வேளை டீ, வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் டீயிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. சித்திரை வெயிலில் வாங்கிக் குடிக்கும் 250 மில்லி கூல்டிரிங்க் ஒன்றே ஒரு நாள் கணக்கை முடித்துவிடும். நுங்கும் மோரும் தெருவுக்குத் தெரு விற்கும் ஊரில் அதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ரேஷனில் வரும் சர்க்கரையோடு நிறுத்திக்கொண்டு, கடையில் தனியாக வாங்குவதில்லை என்று முடிவெடுப்பது எளிய வழி. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் ஏறும்போது சர்க்கரைதான். "நான் வெல்லம்தானே போட்டுக்கிறேன்" என்று சொல்லி இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழி தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அருமையாகப் பொருந்தும். ஆனால் அம்மாவின் ரத்தசோகைக்கு இதில் ஒன்றும் இல்லை, பையனின் பசிக்கும் இல்லை. அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

வெளிச்சாப்பாடு

ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு என்று பிரியாணிக்குப் பேர்போன ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு பிரியாணியை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. மாதத்தில் ஓரிரு வேளை குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் பிரியாணி நோயைக் கொண்டுவருவதில்லை. அதோடு வரும் கத்தரிக்காய்த் தொக்கையும் வெங்காயப் பச்சடியையும் தாராளமாக வைத்துக்கொண்டு, அரை பிளேட்டோடு நிறுத்தினால் போதும்.

வெட்ட வேண்டியது அதுவல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கமும் டியூஷன் வாசலிலும் தினமும் நடப்பதைப் பாருங்கள். பிள்ளை கையில் பப்ஸ், அப்பா கையில் டீயும் பஜ்ஜியும். திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்தது உடம்புக்குக் கேடு. தினம் ஒரு வேளை, வருஷம் முழுக்க என்றால் மாதம் ஒரு பிரியாணி அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை), சுண்டல், ஒரு கொய்யாப்பழம் வந்துவிட்டால் இந்த வழி முடிந்த மாதிரி. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆப்பிளில் ஐந்தைத் தாண்டாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகிறவர்கள் அந்தக் காசுக்குக் கொய்யாவையும் நெல்லிக்காயையும் வாங்கினால் நோயாளிக்கு நல்லது.

தொட்டுக்கொள்வதைக் கூட்டுவது

நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் மலை மாதிரி சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். பொரியல் என்பது சோறு உள்ளே இறங்குவதற்காகத் தொட்டுக்கொள்வது, அவ்வளவுதான். இந்த அளவுகளை மாற்றுவதே நான் முதலில் சொல்லும் வழி. அரிசி அதே அரிசி, அடுப்பு அதே அடுப்பு, சமையல் அதே சமையல். பொரியலும் கூட்டும் கீரையும் பருப்பும் இரண்டு மடங்காகட்டும்.

முன்பு சொன்ன வழிகாட்டி ஒருவருக்கு நாளைக்குக் காய், கீரை, கிழங்கு எல்லாம் சேர்த்து 400 கிராம் என்கிறது. பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம். அரிசி, கோதுமை, ரவை முதலான தானியம் 250 கிராம். இதை நாலு பேர் வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். தானியம் மாதம் 30 கிலோ. ரேஷன் அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு, சேமியா எல்லாவற்றையும் கூட்டினால் பல வீடுகள் அதை எளிதாகத் தொட்டுவிடும். பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து மாதம் 10 கிலோ வர வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பு 1 கிலோ, கடையில் வாங்குவது இன்னும் ஒன்றோ இரண்டோ. காய்கறி வாரத்துக்கு 11 கிலோ. உங்கள் வீட்டுக் கூடையைத் தூக்கிப் பார்த்தாலே எவ்வளவு பின்னால் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

நம் குறை எங்கே என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. சோறு போதுமான அளவுக்கு இருக்கிறது, அதைச் சுற்றி வர வேண்டியதுதான் இல்லை. அந்த இடம் நிரம்பினால் சோறு தானாகக் குறையும். ஒரு கிண்ணம் காராமணிக் கூட்டும் ஒரு கிண்ணம் கீரையும் முதலில் வயிற்றுக்குள் போனால் மூன்றாவது கரண்டிச் சோற்றைத் தாத்தாவே வேண்டாம் என்பார். அவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை, "எனக்குச் சோத்தையும் நிறுத்திட்டாங்க" என்ற வருத்தமும் அவருக்கு இராது. அம்மாவுக்கு இரும்பும் புரதமும் கிடைக்கும், பையனுக்குப் பசி தாங்கும். நாலு உடம்புக்கும் ஒருசேர உதவுவது ஐந்து வழிகளில் இது ஒன்றே.

செலவு கூடாதா? கூடும், மறைக்க மாட்டேன். ஆனால் எங்கே வாங்குகிறோம், எதை வாங்குகிறோம் என்பதில் பாதியைப் பிடிக்கலாம். டோல்கேட்டிலும் காட்பாடியிலும் உள்ள உழவர் சந்தைக்குக் காலையில் போனால் விளைவித்தவர்களே தராசு பிடித்து விற்கிறார்கள். விலைப் பலகையும் எழுதி வைத்திருக்கும். முட்டைக்கோசும் பீன்ஸும் மலையேறும் நாளில் நம் மண்ணில் விளையும் அவரை, சுரை, பீர்க்கு, புடலை, பூசணி பக்கம் போய்விட வேண்டும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இருக்கும்போது கறிக்குழம்பே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் என் வீட்டில் உண்டு.

கீரைதான் மலிவு. அங்கே கீரை விற்கும் ஆயா ஒருவர், ஒரு கட்டைக் கேட்பவர்களை அப்படியே விடமாட்டார். "இன்னாம்மா, நாலு பேருக்கு ஒரு கட்டு எங்க பத்தும்? வெந்தா ஒரு கைப்பிடிதாம்மா வரும். ரெண்டா எடுத்துக்கோ" என்பார். வியாபாரத்துக்காகச் சொன்னாலும் அது சரியான பேச்சு. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் வெந்தால் சுருங்கிவிடும். ஒரு கட்டு வாங்கிக் கடைந்து நாலு தட்டில் தடவினால் கீரை சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர உடம்புக்கு வந்து சேராது. முருங்கைக்கீரை தெருவுக்கு இரண்டு மரம் நிற்கிறது, காசே வேண்டாம்.

புரதத்துக்கு விலை கூடிய துவரையை மட்டும் நம்ப வேண்டாம். கொள்ளு, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு எல்லாம் நம் மண்ணில் விளைவது. மல்லாட்டை நம் மாவட்டத்துப் பயிர், 100 கிராமில் 23 கிராமுக்கு மேல் புரதம். வறுத்து உடைத்த மல்லாட்டைப் பொடியை அவரைக்காய்ப் பொரியலில் இரண்டு ஸ்பூன் தூவினால், அதைத் தொடாத பிள்ளையும் இன்னொரு கரண்டி கேட்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு வாரம் ஐந்து நாள் அங்கேயே முட்டை கிடைக்கிறது. முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் உண்டு. அந்த வீடுகளில் முட்டையைப் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு அம்மா சும்மா இருக்கும் வழக்கம் மாற வேண்டும். வீட்டில் வேகும் முட்டை அம்மாவின் தட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

இரும்புச்சத்து விஷயத்தில் இரண்டு பழக்கம் சேர்ந்தால்தான் கீரைக்குப் பலன். ஒன்று, கீரை சாப்பிடும் வேளையில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துகொள்வது, அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்வது. அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வழிசெய்யும். மற்றொன்று, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்பு இரும்பை உள்ளே விடாது. நம் ஊர்ப் பெண்கள் பலர் காலையில் இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு மேலே ஒரு டீயை ஊற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த டீயைக் கம்பெனி இடைவேளைக்குத் தள்ளிவைத்தால் போதும், செலவே இல்லை. ஆனால் ரத்தம் மிகவும் குறைந்தவர்களுக்குக் கீரையால் மட்டும் ஏறிவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் விழுங்க வேண்டும்.

வேலை? இந்த வழியின் கஷ்டம் அதில்தான் இருக்கிறது. கீரை ஆய்வதும் அவரை நார் எடுப்பதும் நேரம் தின்னும். இதையும் வீட்டுப் பெண் தலையிலேயே போட்டால் அடுத்த வாரம் பழையபடி உருளைக்கிழங்கு வறுவலுக்கு வந்துவிடுவோம். ராத்திரி டிவி பார்க்கும் நேரத்தில் முறத்தை நடுவில் வைத்தால் அப்பாவும் பையனும் தாத்தாவும் சேர்ந்து கால் மணி நேரத்தில் ஆய்ந்து முடித்துவிடுவார்கள். ஆய்ந்த கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளைக்கும் நிற்கும். காலையில் கழுவிக் குக்கரில் போடும் வேலை மட்டும் மிச்சம். கொள்ளையோ பயறையோ ராத்திரியே ஊறப்போட்டுவிட்டால் பருப்பு வேகும் அதே குக்கரில் மேல் தட்டில் அதுவும் வெந்துவிடும். ஆம்பிளைகள் கீரை ஆய்வார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. தனக்காகத்தான் வீடு முழுக்கச் சாப்பாட்டை மாற்றுகிறது என்று தெரிந்தவர் முறத்தைத் தள்ளிவிட மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

எந்த வீட்டுக்கு எது

எல்லா வீட்டுக்கும் ஒரே வரிசை சரிவராது. இளம்பெண்களும் வளரும் பிள்ளைகளும் உள்ள வீடு யோசிக்காமல் தொட்டுக்கொள்வதைக் கூட்டுவதில் தொடங்கலாம். மூன்று மாதம் கழித்து எண்ணெய், சர்க்கரைக் கணக்கைத் தொட்டால் போதும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பி.பி.யும் சர்க்கரையுமாகத் தனியாக இருக்கும் வயதானவர்கள் அதைத் திருப்பிப் போட்டு, உப்பையும் எண்ணெயையும் முதலில் பிடிக்கலாம். வீட்டில் பொழுது இருப்பவர்கள், களி கிளறப் பழகிய கை உள்ளவர்கள், வாரத்தில் மூன்று நான்கு நாள் சிறுதானியத்துக்கு மாறினால் நல்லதுதான், உருண்டையின் அளவு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் சாயங்கால பஜ்ஜியின் இடத்தில் சுண்டலைக் கொண்டுவருவதே சீக்கிரம் கைகூடும். அதையே முதல் படியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எண்ணெய், நெய்யைக் குறைக்கும் பேச்சே வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீடு மட்டும் இதில் எதையும் தானாகத் தொடங்கக் கூடாது. கீரையும் பயறும் கொய்யாவும் மற்றவர்களுக்கு எவ்வளவு நல்லதோ, பொட்டாசியம் சேரக்கூடாத உடம்புக்கு அவ்வளவு ஆபத்தாகலாம். உப்புக்குப் பதில் என்று விற்கும் பொட்டாசியம் உப்பும் அப்படித்தான். அவர்களுக்குத் தட்டில் எது எவ்வளவு என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரும் அங்குள்ள உணவு ஆலோசகரும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து எழுதித் தர வேண்டும்.